சயாம் பாதையில் சைக்கிள்

கிராவல் சைக்கிள் என்று ஒரு தினுசு சைக்கிள் இப்போது புறப்பட்டிருக்கிறது. பந்தய சைக்கிளைப் போலவே ஆட்டுக்கொம்பாக வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் மட்டும் பருமன். நாற்பது மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தார் ரோட்டில் போகும், தார் முடிந்த இடத்திலும் நிற்காது. சரளை, செம்மண், வயலை ஒட்டிய வண்டித்தடம், எதுவானாலும் அதற்குச் சம்மதம். இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லி யானை விலைக்கு விற்கிறார்கள். எங்கள் ஊர்த் தபால்காரர் பழைய ராலே சைக்கிள் ஒன்றில் முப்பது வருஷம் இதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

இந்தச் சைக்கிளில் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து ரயில்பாதையை ஒட்டி மேற்கே போய் வரலாம் என்று யோசனை சொன்னவன் மலேசிய நண்பர் ஒருவரின் மகன். கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறு வந்துவிட்டால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்துவிடுகிற பையன். "மண்ணு ரோடுதான் அங்கிள். ஆத்தோரமாவே போகும். நீங்க தாராளமா ஓட்டிரலாம்" என்றான். எந்த ரயில்பாதை என்று நான் கேட்கவில்லை. மலேசியத் தமிழர் வீடுகளில் சயாம் ரயில் என்றால் அதற்கு மேல் விளக்கம் கிடையாது. அவனுடைய பாட்டியின் தகப்பனார் 1943இல் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து அந்த ரயில் வேலைக்குப் போனவர். போனவர் என்பதோடு அந்த வாக்கியம் முடிந்துவிடும்.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. காஞ்சனபுரி என்று எழுதிப் பார்த்தால் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிற அக்கிரகாரம் போல ஒலிக்கிறது. பொன்னகரம் என்றே அர்த்தம். அந்த ஊருக்கு ரயில் புறப்படுகிற பாங்காக் ஸ்டேஷனுக்குத் தோன்புரி என்று பெயர். அதுவும் நம்முடைய தனபுரிதான். ஆற்றின் பெயர் க்வே. இங்கிலீஷ்காரர்கள் அதைக் குவாய் ஆக்கிவிட்டார்கள். தாய் மொழியில் அப்படி உச்சரித்தால் எருமை என்று பொருளாம். எருமையாற்றுப் பாலம் என்ற பெயரில் உலகம் முழுவதும் ஒரு சினிமா ஓடி, ஏழு ஆஸ்கார் பரிசுகளையும் வாங்கியிருக்கிறது.

அந்தச் சினிமாவின் வேடிக்கை அதோடு தீரவில்லை. பிரெஞ்சுக்காரரான பியர் பூல் 1952இல் நாவலாக எழுதியது 1957இல் படமானது. படம் பிடித்த இடம் தாய்லாந்து அல்ல, இலங்கையில் கிதுல்கலை. பாலமோ க்வே ஆற்றின் மீதே இல்லை. அந்த இடத்தில் ஓடிய ஆற்றுக்கு மேக்ளோங் என்று பெயர். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களெல்லாம் க்வே ஆறு எங்கே, பாலம் எங்கே என்று கேட்கவும், தாய்லாந்துக்காரர்கள் 1960களில் ஆற்றின் பெயரையே மாற்றி க்வே யாய், அதாவது பெரிய க்வே, என்று வைத்துவிட்டார்கள். நாவலாசிரியன் ஒருவனுடைய பிழைக்காக ஓர் ஆறு பெயரை மாற்றிக்கொண்டது என்றால், எங்கள் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது. அந்தப் படத்தில் ஒரு தமிழன்கூட இல்லை என்பது வேறு விஷயம். அதற்குத்தான் வருகிறேன்.

பர்மாவை ஜப்பான் பிடித்தது 1942இல். அங்கே உள்ள படைகளுக்குச் சாமான் போக வேண்டும். சிங்கப்பூரைச் சுற்றி ரங்கூனுக்குப் போகிற கடல் வழியில் நீர்மூழ்கிக் கப்பல் பயம். ஆகவே தாய்லாந்தில் நோங் ப்ளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்புஸயாத் வரைக்கும் காட்டையும் மலையையும் கடந்து 415 கிலோமீட்டருக்கு ஒரு ரயில்பாதை போடுவதென்று தீர்மானித்தார்கள். 1942 நடுவில் இரண்டு முனையிலும் வேலை ஆரம்பமாகி, 1943 அக்டோபர் 17ஆம் தேதி கொன்கொய்த்தா என்ற இடத்தில் தண்டவாளம் சேர்ந்தது. இந்தக் காரியத்துக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள்: பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள், கொஞ்சம் அமெரிக்கர்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உலகத்துக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்.

கைதிகளைப் போல இரண்டு மூன்று மடங்கு ஜனங்களை ஆசிய நாடுகளிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள், சீனர்கள் எல்லோரும் உண்டு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்றுபோய், தோட்டங்களில் வேலையும் இல்லை அரிசியும் இல்லை என்று இருந்த நேரம். மூன்று மாத வேலை, தினம் ஒரு வெள்ளி சம்பளம், பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். அந்த வெள்ளியும் ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு. தானாக வந்த ஆட்கள் போதாமல் போன பிறகு, இலவசமாக சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையை மலேசியாவில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். கூலிகளில் இறந்தவர்கள் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று ஒரு மதிப்பு. எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் இருபதாயிரம் மனிதர்கள் இருக்கிறார்கள். இருந்தார்களா இல்லையா என்பதே சந்தேகத்தில் கிடக்கிறது.

போன ஜனவரியில் நாங்கள் கிளம்பினோம். மழையில்லாத காலம், காலையில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர், பத்து மணிக்கு மேல் நம் ஊர் வெயில். ஊர் எல்லையிலேயே தம்பி சைக்கிளை நிறுத்தி, "டயர்ல காத்த கொஞ்சம் எறக்கிக்கலாம் அங்கிள். சரளையில அப்பத்தான் குலுக்காது" என்று இரண்டு வண்டிக்கும் புஸ்ஸென்று காற்றைக் குறைத்தான். காற்றைக் குறைத்தால் வண்டி இழுக்கும் என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். கல்லின் மேல் போகும்போதுதான் அவன் சொன்னது புரிந்தது. டயர் கல்லை முட்டாமல் கல்லை விழுங்கிக்கொண்டு போகிறது.

சைக்கிளுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவின் வடக்கே இறங்கிய ஜப்பான் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில்தான் தெற்கே வந்தார்கள். ரப்பர் கொண்டுபோவதற்காக வெள்ளைக்காரன் போட்டுவைத்த நல்ல ரோடுகள் அவர்களுக்கு உபயோகப்பட்டன. டயர் போனால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் வளையத்தோடு ஓட்டுவார்களாம். இருட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறதென்று எதிரிகள் பயந்ததாகச் சொல்வதுண்டு. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது.

முதலில் சுங்காய் என்ற இடத்துக்குப் போனோம். க்வே நோய், சின்ன க்வே, ஆற்றங்கரையில் ஒரு மயானம். கைதிகளின் ஆஸ்பத்திரி முகாம் இருந்த இடம். அவர்களே தங்கள் தோழர்களைப் புதைக்க ஆரம்பித்த நிலம். ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் கல்லறைகள். புல்லைச் சீப்பு வைத்து வாரியதுபோல வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி. பெயர், படைப்பிரிவு, வயது, கீழே வீட்டார் எழுதி அனுப்பிய ஒரு வரி. காஞ்சனபுரி ஊருக்குள் இதைப் போல இன்னொன்று, 6,900க்கு மேல் கல்லறைகள். அங்கே இரண்டு குழிகளில் முந்நூறு பேருடைய சாம்பல் இருக்கிறது. காலரா கண்டு எரித்தவர்கள். சாம்பலில் யார் யாரென்று பிரிக்க முடியாது. ஆனாலும் முந்நூறு பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. செத்தவர்களை இப்படித்தான் கௌரவிக்க வேண்டும். 1945 செப்டம்பரில், யுத்தம் முடிந்த சில வாரங்களுக்குள், ஒரு சிறு குழு அந்தப் பாதை நெடுகிலும் போய், காட்டுக்குள் 144 இடங்களில் பத்தாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட கைதிகளின் குழிகளைத் தேடியது. ஐம்பத்திரண்டைத் தவிர மற்ற எல்லாம் அகப்பட்டன. முகாமில் இருந்தபோதே கைதிகள் ரகசியமாகக் கணக்கு எழுதி, அந்தக் காகிதங்களை மண்ணில் புதைத்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது. கைதிக்குப் பின்னால் ஒரு படை, படைக்குப் பின்னால் ஒரு ராஜாங்கம். அவனுக்கு அதிகாரி உண்டு, டாக்டர் உண்டு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸை ஆழமாகத் தோண்டு என்று அதட்டுவதற்கு ஆள் உண்டு. தோட்டத்துக் கூலிக்கு இருந்தது ஒரு கங்காணி. 1943 மழைக்காலத்தில் காலரா ஆற்றோடு இறங்கி வந்தபோது கூலி முகாம்கள் மொத்தம் மொத்தமாகக் காலியாயின. அந்த முகாம்களுக்கு வைத்தியம் பார்க்கவென்று ஜப்பான்காரர்கள் கைதி டாக்டர்களைப் பிறகு அனுப்பினார்கள். நம் ஜனங்கள் பட்ட பாட்டை நாம் தெரிந்துகொள்வதுகூடப் பாதிக்கு மேல் அந்த வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்துதான். தமிழில் அ. ரெங்கசாமி போன்ற மலேசிய நாவலாசிரியர்கள் பின்னாளில் எழுதினார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்தோம்?

சுங்காயைத் தாண்டியதும் தார் போய்விட்டது. கரும்பும் மரவள்ளியும் மாறி மாறி வருகிற நிலம். அறுவடைக் காலமானதால் கரும்பு லாரிகள் தேர்போல ஆடிக்கொண்டு போயின. அவை கிளப்புகிற செம்புழுதி அடங்குகிற வரைக்கும் ஓரத்தில் இறங்கி நிற்க வேண்டும். தூரத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள், சேலம் பக்கத்துக் குன்றுகளைப் போல ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக நின்றன. நல்ல காட்சிதான். ஆனால் கரும்பு வயலைப் பார்த்தால் எனக்கு அங்கே நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. 1990இல் காஞ்சனபுரி ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான பேருடைய எலும்புகள் ஒரே குழியில் கிடந்தன. ஆசியக் கூலிகள். மண்ணுக்குள் போய் ஏறக்குறைய ஐம்பது வருஷம். அதன் மேல் எத்தனை போகம் விளைந்ததோ.

வாங் போ என்ற இடத்தில் ஆற்றுக்கும் செங்குத்தான பாறைக்கும் நடுவில் மரக்கால்களை நட்டு, அவற்றின் மேல் தண்டவாளத்தை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்றைக்கும் அதன் மேல்தான் ரயில் போகிறது. மூட்டை சுமக்கிற கிழவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல அவ்வளவு மெதுவாக வந்தது. பிரயாணிகள் ஜன்னலில் தலையை நீட்டிப் படம் எடுத்தார்கள். நாங்கள் கீழே வாழைக்காய் வறுவல் தின்றுகொண்டு நின்றோம். தம்பி அந்த மரக்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "தண்டவாளம்கூட எங்க ஊருலேந்துதான் அங்கிள் வந்துச்சு" என்றான். உண்மை. மலாயாவின் கிழக்குக்கரை ரயில்பாதையில் பெரும்பகுதியைப் பெயர்த்து எடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். மலாயா ரயில்பாதைகளைப் போட்டதிலும் தமிழன் கை இருந்தது.

பாதை இப்போது நாம் தோக் என்ற ஸ்டேஷனோடு முடிந்துவிடுகிறது. யுத்தத்துக்குப் பிறகு பாதையைப் பிரிட்டிஷார் தாய்லாந்துக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் பழுதுபார்த்து 1958 வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இந்த இடம் வரை திறந்தார்கள். அதற்கு மேற்கே தண்டவாளம் இல்லை. கொன்கொய்த்தாவோ 1980களில் கட்டிய ஓர் அணையின் நீருக்குள் போய்விட்டது. மிஞ்சிய தடம் எங்கேயாவது மூங்கில் காட்டுக்குள்ளும் தோட்டங்களின் நடுவிலும் துண்டு துண்டாக வரும்.

மறுநாள் காலையில் அந்தத் துண்டுகளில் ஒன்றில் சைக்கிளை விட்டபோது ஒன்றைக் கவனித்தேன். அதுவரைக்கும் நெடுஞ்சாலையில் ஏறி இறங்கி என் முழங்கால் புலம்பிக்கொண்டிருந்தது. இந்தத் தடத்துக்குள் நுழைந்ததும் புலம்பல் நின்றுவிட்டது. சுற்றிலும் மலை, மேடும் பள்ளமுமான பூமி. ஆனால் சக்கரத்தின் கீழே மட்டும் தரை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாதபடி நீண்டுகொண்டே போகிறது. நீராவி இன்ஜினுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. ஆகவே பள்ளம் வந்தால் கூடையால் மண் கொட்டி நிரப்ப வேண்டும், பாறை வந்தால் உளியால் அறுக்க வேண்டும். எனக்குக் கிடைத்த சுகம் அப்படி உண்டானது. அந்த வழியில் மிதிக்காமலே கொஞ்ச தூரம் வண்டி ஓடியது. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். தம்பி ஏன் என்று கேட்கவில்லை, அவனும் இறங்கினான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாறையை அறுத்த பெரிய வெட்டு இருக்கிறது. நரகநெருப்புக் கணவாய் என்று கைதிகள் பெயர் வைத்தார்கள். 1943இல், இரவும் பகலும் வேலை நடந்தபோது, தீவட்டி வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களின் நிழல் பாறையில் ஆடியதைப் பார்த்து வைத்த பெயர். ஆஸ்திரேலிய அரசாங்கம் அங்கே 1998இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. சைக்கிளை மேலே காவலாளியிடம் விட்டுவிட்டு இறங்கினோம். இரண்டு பக்கமும் சுவராக நிற்கிற கல்லில் துளைபோட்ட தழும்புகள் கையில் தட்டுப்படுகின்றன. நீண்ட இரும்புக் கம்பியை ஒருவன் பிடித்துத் திருப்ப, இன்னொருவன் சம்மட்டியால் அடித்துத் துளை போடுவது. பிறகு வெடி வைப்பது. பாறை இடுக்குகளில் பேரன் பேத்திகள் செருகிவிட்டுப் போன சிறு கொடிகள், காகிதப் பூக்கள், தொப்பி போட்ட இளைஞர்களின் புகைப்படங்கள். தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

"நம்ம ஆளு படம் ஒண்ணுகூட இல்ல அங்கிள்."

"உங்க வீட்டில படம் இருக்கா?"

"யாரு எடுத்து வச்சா? பாட்டிக்கு அப்ப மூணு வயசு. மூஞ்சியே ஞாபகம் இல்லைங்குது."

அந்தப் பாதையில் ஓடிய இன்ஜின்களில் ஒன்று தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய யுத்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துடைத்துப் பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு எண் உண்டு: சி56 31.

ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு காஞ்சனபுரிக்குத் திரும்பினோம். ஊருக்குள் வாட் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. கூலிகளுடைய எலும்புகளைச் சேர்த்து அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த ஆலயத்தில் 2023இல் ஒரு நடுகல் வைத்தார்கள். நடுகல் என்ற சொல்லைத் தமிழ் வாத்தியார்களைத் தவிர வேறு யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. தொல்காப்பியத்தோடு அதன் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். எண்பது வருஷம் கழித்து, கடல் கடந்த ஊரில், ஆநிரை மீட்காத, வாள் பிடிக்காத, பால் வெட்டிப் பிழைத்த ஜனங்களுக்காக அதைத் தேடி எடுத்திருக்கிறார்கள். சொல்லுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

கடைசி நாள் காலையில் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு சின்னத்தைப் பார்க்கப் போனோம். இது 1944இல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே ஜப்பான் ராணுவம் கட்டியது. ரயில் வேலையில் செத்தவர்களுக்காக, வேலை வாங்கியவர்களே எழுப்பிய தூண். பாலத்தில் நெரிகிற கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே வரவில்லை. செத்தவர்களின் பாஷைகள் சிலவற்றில் கல் பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தமிழ். யுத்தத்தின்போதே அந்த மண்ணில் கல்லில் எழுதிய தமிழ், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். யார் எழுதிக் கொடுத்தார்களோ. உயிரோடு மிஞ்சிய கிராணி ஒருவனோ, கங்காணியோ. எழுதும்போது கை எப்படி இருந்ததோ. கதை எழுதுகிறவனுக்கு அந்த மனிதனை விட்டு நகர மனம் வராது.

தம்பி தமிழ்ப் பள்ளியில் படித்தவன். கல்லைப் படம் பிடித்துப் பாட்டிக்கு அனுப்பினான். இரண்டு நிமிஷத்தில் பாட்டியே கூப்பிட்டுவிட்டாள். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, நீயே படி என்றாள். அவன் வெயிலில் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல, எழுத்து எழுத்தாக உரக்கப் படித்தான். படித்து முடித்ததும் அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தம் இல்லை.

"பேரு போட்டிருக்கானா?"

"யாரு பேரும் இல்ல பாட்டி."

"சரி. வெயில்ல நிக்காத. கூட வந்த அந்த அங்கிள் சாப்பிட்டாரா, கேளு."